மூர்த்தியண்ணனின் காது

போன மாதம் வெளிவந்த ஒரு விழா மலரில் என் வீட்டுக்காரரைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருக்கிறார்கள். படத்தில் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு, தூரத்தில் எதையோ கேட்பவர்போலத் தலையைச் சாய்த்திருக்கிறார். படம் பிடித்தவன் அப்படி இருக்கச் சொன்னானாம். ‘கிழக்கின் இசைக்குழுக்களுக்கு ஒரு காது’ என்று தலைப்பு. பிறந்த ஊர், தகப்பன் பெயர், வாசித்த குழுக்கள், செய்த ஸ்பீக்கர் பெட்டிகள் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. காது மட்டும் பிழை. அந்தக் காது என்னுடையது. இதை நான் சொல்லாவிட்டால் வேறு ஒருவரும் சொல்லப்போவதில்லை. கேட்க விருப்பமில்லாதவர்கள் மலரையே வாசித்துவிட்டுப் போகலாம்.

என் பெயர் சுலோஜனா. வாவிக்கு அங்கால், படுவான்கரைப் பக்கம் பிறந்தவள். அப்பா வட்டைக்குள், வயல்வேலையில் பாடுபட்டு, எனக்குச் சீதனமாகக் களுவாஞ்சிக்குடியில் ஒரு வீடு கட்டித் தந்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது. அப்படி ஒரு கிற்றாரையும் ஒரு பை உடுப்பையும் தூக்கிக்கொண்டு வந்தவர்தான் வினாயகமூர்த்தி. ஆகவே வீடும் என்னுடையது, காதும் என்னுடையது. பெயர் மட்டும் அவருடையது.

பொய் சொல்லக்கூடாது, அவருடைய கை நல்ல கை. தச்சுவேலை செய்த குடும்பம், பலகையைத் தடவிப் பார்த்தே அது என்ன மரம் என்று சொல்லுவார். பகலில் அலுமாரி, கதிரை செய்வார். பின்னேரம் இசைக்குழுவில் லீட் கிற்றார். கோயில் சடங்கு, கலியாண வீடு, தேவாலயத் திருநாள் என்று எங்கே மேடை போட்டாலும் இவர் அங்கே இருப்பார். கிற்றாரையும் பலகையையும் ஒருங்கே தெரிந்தவர் என்பதால் ஸ்பீக்கர் பெட்டி செய்வதும் பெட்டிகளை ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்வதும் மெல்ல மெல்ல அவருடைய தொழிலாயிற்று.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிற்றார் தானாக மேடையில் கேட்காது. அது அம்பிளிபயருக்குள் போய், அங்கிருந்து ஸ்பீக்கர் பெட்டிக்குள் போய்த்தான் சனத்துக்குக் கேட்கும். அதே கிற்றார், அதே விரல், பெட்டியை மாற்றினால் வேறு ஆள் வாசிப்பதுபோல இருக்கும். பின்பக்கம் பலகை அடித்து மூடின பெட்டி சத்தத்தை நேரே தள்ளும். பின்பக்கம் திறந்த பெட்டி அறைக்குள் நாலாபக்கமும் நிறையும். ஆனால் வாவிக்கரையில் போட்ட மேடையில் அதை வைத்தால், பின்னால் சுவர் இல்லாதபடியால் பாதிச் சத்தம் தண்ணீருக்குப் போய்விடும். இதெல்லாம் தெரியாமல் காசைக் கொட்டி வாங்கிவிட்டு, மேடையில் ஏறிய பிறகு முழிக்கிற குழுக்கள் அந்தக் காலத்தில் நிறைய. அவர்கள் வாங்குமுன் இரண்டு பெட்டிகளை எங்கள் வீட்டில் இறக்கி, எது நல்லது என்று மூர்த்தியிடம் கேட்பார்கள்.

அவர் கேட்கும் முறையும் நல்ல முறைதான். பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவனின் காது வேறு, சனத்தின் காது வேறு என்பார். யாரையாவது வீட்டுக்குள் வாசிக்க வைத்துவிட்டு, எங்கள் ஒழுங்கை றோட்டில் ஏறுகிற இடத்தில் உள்ள மதகில் போய் நின்று கேட்பார். அங்கே நல்லாயிருந்தால்தான் நல்லது.

அந்தக் காது கெட்டுப்போனது எனக்குப் பிரிட்ஜால்தான் தெரியவந்தது. எங்கள் பிரிட்ஜின் கதவு சரியாக மூடாவிட்டால் கீச்சுக் கீச்சென்று கத்தும். ஒரு நாள் அது கத்துவது கேட்டுக் கிணற்றடியில் இருந்து ஓடி வருகிறேன், இவர் அதற்குப் பக்கத்திலேயே கதிரை போட்டு இருந்து பேப்பர் பார்க்கிறார். இது கத்துவது கேட்கவில்லையா என்றேன். எது என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். முகத்தில் பயத்தைக் கண்ட பிறகுதான் விளையாட்டில்லை என்று விளங்கியது. மட்டக்களப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். இத்தனை வருசம் டிரம்ஸ் தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்று வாசித்ததில் கீச்சென்ற மேல் சத்தங்கள் கேட்காமல் போய்விட்டன, இனி வராது என்றார் டொக்டர். பேச்சுக் கேட்கும், அடிச்சத்தம் கேட்கும், அதனால் வெளியே ஒருவருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து அவர் அழுதார். நானும் அழுதேன். அந்த மனிசன் மேல் எனக்கு உயிர், இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஒருவருக்கும் சொல்லிவிடாதே என்று கெஞ்சினார். நானும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் ஒரு குழு இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கியது. இவர் மதகில் நின்று கேட்டார், ஒன்றும் பிடிபடவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அவர்களை அனுப்பிவிட்டு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அப்போது நான், கடைக்குப் போய் வந்த வழியில் கேட்டதை என் பாட்டில் சொன்னேன். முதலாவது பெட்டி தகரத்தில் கல்லுப் போட்டு ஆட்டின மாதிரி இருக்கிறது, மற்றது நல்லாயிருக்கிறது என்றேன். பிசைந்த கை அப்படியே நின்றது. அடுத்த நாள் காலை அந்தக் குழு வந்தபோது, தகரத்தில் கல்லுப் போட்டு ஆட்டின மாதிரி என்று சொல் மாறாமல் சொன்னார். அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு போனார்கள்.

அதோடு எங்கள் தொழில் அப்படியே ஆகிவிட்டது. இவர் உள்ளே இருந்து ஒரே துண்டை ஒவ்வொரு பெட்டியிலும் வாசிப்பார். நான் மதகில் நிற்பேன். எனக்கு இதை ஒருவரும் படிப்பிக்கவில்லை. சந்தையில் மண்சட்டி வாங்கும்போது தட்டிப் பார்த்து எடுக்கிற பெண்களுக்கெல்லாம் உள்ள காதுதான் எனக்கும். ஆனால் காதைக் கொடுத்துக் கேட்கக் கேட்க அது கூர்மையாகும். சத்தம் கூடின பெட்டிதான் முதலில் நல்லதாகத் தோன்றும், அது ஏமாற்று என்று நானே கண்டுபிடித்தேன். மறுகா இன்னொருக்கா வாசியுங்கள், அதன் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு வாசியுங்கள் என்று கையைக் காட்டுவேன். பிறகு வீட்டுக்குள் வந்து, இது பால் திரைந்த மாதிரி, இது வயிற்றில் இடிக்கிறது, இது ஒவ்வொரு நரம்பையும் பிரித்துத் தருகிறது என்று சொல்லுவேன். அடுத்த நாள் அவர் சொல்லுவார்.

எப்போதும் அடுத்த நாள்தான். சத்தத்தோடு ஒரு இரா படுத்தெழும்பித்தான் தீர்ப்புச் சொல்லுவாராம் மூர்த்தியண்ணன். அது பெரிய கதையாகிக் கிரானில் இருந்து பனிச்சங்கேணி வரைக்கும் போனது. மலரிலும் அதைப் போட்டிருக்கிறார்கள். படுத்தெழும்பினதாவது! பெண்சாதியிடம் கேட்க நேரம் வேண்டாமா?

இதில் இன்னொரு பகிடி உண்டு. இவர் பெட்டியைப் போட்டால் நான் வீட்டை விட்டு வெளியே போய் மதகில் நிற்பதைப் பக்கத்து வீட்டு அன்னப்பூரணியக்கா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறா. மூர்த்தி கிற்றாரைத் தொட்டால் பாவம் அந்தப் பெட்டைக்குத் தலையிடி, றோட்டுக்கு ஓடிவிடுகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டா. நெற்றியில் பூச எனக்கு ஓடிக்கலோனும் தந்தா. நான் வாங்கிக்கொண்டேன். அவருடைய மரியாதையைக் காப்பாற்றுகிறோம் என்று அப்போது எனக்கும் ஒரு சந்தோசம் இருந்தது.

காத்தான்குடியில் ஸ்பீக்கர், வயர், அம்பிளிபயர் சாமான் விற்கிற றவூப் நானா இவருக்கு நெடுநாள் கூட்டாளி. ஸ்பீக்கரெல்லாம் அவரிடம்தான் எடுப்பது. மூர்த்தி சொல்லாமல் ஒரு ஸ்பீக்கரைக்கூட நம்பி இறக்குமதி பண்ணமாட்டேன் என்று அவர் கடையில் எல்லாருக்கும் முன்னால் சொல்லுவார். இவர் தலையைக் குனிந்து சிரிப்பார். பக்கத்தில் நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒருக்காவது, ஒரே ஒருக்காவது, இது இவளுடைய காது என்று ஒருவருக்கு முன்னால் சொன்னால் என்ன குறைந்துவிடும்? வருசம் போகப் போக அந்த ஒரு சொல்லுக்காகவே நான் மதகில் நின்றேன் என்று நினைக்கிறேன்.

போன வருசம் லண்டனில் இருந்து சிவதர்ஷன் என்று ஒருவர் வந்தார். தகப்பனுக்கு எங்கள் ஊர். கல்லடிப் பக்கம் வாவியைப் பார்த்தாற்போல ஒரு மண்டபம் கட்டியிருந்தார், மேடையும் ஒலிப்பதிவு அறையும் சேர்ந்து. மேடைக்குப் பெட்டி எடுக்கவேண்டும், ஒலிக்குப் பொறுப்பாக மாதச் சம்பளத்துக்கு ஒருவர் வேண்டும், அது மூர்த்தியண்ணனாக இருந்தால் எங்களுக்குப் பெருமை என்று வீட்டுக்கு வந்து சொன்னார். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் ஒன்று சொன்னார். பெட்டிகளைத் துணியால் மறைத்து வைத்து, வாசித்த கையோடு அந்த இடத்திலேயே எது நல்லது என்று சொல்லவேண்டும். கண்ணால் பார்த்தால் மனம் ஏமாறும் என்றார். அங்கெல்லாம் அப்படித்தானாம்.

அவர் போன பிறகு இவர் முகம் செத்துப்போயிற்று. ஒரு இரா படுத்தெழும்புகிற கதை அங்கே எடுபடாது. நான் பயப்படவில்லை. எனக்கு இதுதான் நேரம் என்று பட்டது.

“உண்மையச் சொல்லுங்க,” என்றேன். “நீங்க மேசையில இருங்க, நான் சனத்துக்குள்ள இருந்து கேக்கிறன். ரெண்டு பேருமாத்தான் இந்த வேலையச் செய்யிற எண்டு சொல்லுங்க. அந்தத் தம்பி விளங்கிக்குவார்.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “முதல்ல வேல கிடைக்கட்டும் புள்ள. அண்டைக்கு நீயும் வா. எப்பிடியாவது எனக்குக் காட்டு. முடிஞ்ச உடன எல்லாருக்கும் முன்னால நான் சொல்றன். மாமாங்கப் பிள்ளையாரறியச் சொல்றன்.”

பிள்ளையாரை இழுத்த பிறகு நான் நம்பாமல் என்ன செய்வது? முதலாவது பெட்டி நல்லதென்றால் கைலேஞ்சியால் முகம் துடைக்கிறது, இரண்டாவதென்றால் கொண்டையைச் சரிசெய்கிறது என்று பேசிக்கொண்டோம். மேடைக்கு எடுக்க ஒப்பிட்டுப் பார்க்கிற பெட்டிகளில் எங்கள் பெட்டியும் இருந்தது. எங்கள் பெட்டி என்றுதான் சொல்லுவேன், ஏனென்றால் மாதக்கணக்காக அவர் பலகையை அறுத்து அறுத்து மாற்ற, நான் மதகில் நின்று இது காணாது, இது கூடிப்போயிற்று என்று சொல்லிச் சொல்லிச் செய்தது. பின்பலகையைப் பாதி மூடிப் பாதி திறந்து விட்டது என் யோசனை. அதற்கு நிகராக ஒரு பெட்டி இந்தப் பக்கத்தில் கிடையாது.

அன்றைக்கு நான் வடையும் சம்பலும் செய்து எடுத்துக்கொண்டு போனேன், வந்ததற்கு ஒரு சாட்டாக. மண்டபத்தில் ஒரு பத்துப் பதினைந்து பேர். றவூப் நானாவும் வந்திருந்தார். குளிரூட்டி இன்னும் பூட்டவில்லை, உள்ளே அவிந்தது. மேடையில் கறுப்புத் துணி. துணிக்குப் பின்னால் நிதுர்ஷன் என்று ஒரு கிற்றார்காரர் இருந்து வாசித்தார். நான் கடைசி வரிசையில் ஓரமாக இருந்தேன். மூர்த்தி முன்னால், ஆனால் என்னைக் காணத் தோதாகக் கதிரையைக் கொஞ்சம் திருப்பிப் போட்டிருந்தார்.

முதலில் பழகுகிற அறைக்கான சின்னப் பெட்டிகள் இரண்டு, கொழும்பில் எடுத்தவை. முதலாவது சத்தம் கூட. ஆனால் நரம்புகளைச் சேர்த்து அடித்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகியது. இரண்டாவது ஒவ்வொன்றையும் பிரித்துத் தந்தது. நான் கொண்டையைச் சரிசெய்தேன். இவர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்தார், அந்த நடிப்புக்கு ஒரு விருது கொடுக்கலாம். இரண்டாவது என்றார். காரணமும் அவரே கட்டிச் சொன்னார், என் பழைய சொற்கள் அவரிடம் நிறையக் கிடந்தன. சிவதர்ஷன் கையில் இருந்த ஏதோ ஒரு கருவியைப் பார்த்துவிட்டு, அண்ணன் சொன்னதுதான் சரி என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். நான் வடைத் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். அப்போது சிவதர்ஷன் நல்ல மனதோடு கேட்டார், அக்காவுக்கும் இதிலெல்லாம் விருப்பமா, அண்ணனோடு இருந்து கேட்பீர்களா என்று. வாசலைத் திறந்து விட்டிருக்கிறான் அந்தப் பிள்ளை, உள்ளே நுழைகிறதுதான் மிச்சம். நான் மூர்த்தியைப் பார்த்தேன். மூர்த்தி என்னைப் பார்க்கவில்லை.

“இவவா?” என்றார். “நான் பெட்டியப் போட்டா இவ றோட்டுக்கு ஓடிருவா தம்பி. அவவுக்கு இதெல்லாம் தலையிடி. எங்கட ஊர்ல கேட்டுப் பாருங்க, எல்லாருக்கும் தெரியும்.”

எல்லாரும் சிரித்தார்கள். றவூப் நானாவும் சிரித்தார். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றேன், என் முகமும் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கும், நமக்கு அது பழக்கம்தானே. அன்னப்பூரணியக்கா அறியாமல் சொன்னது. இந்த மனிசன் அறிந்துகொண்டு அதையே எடுத்து என் முகத்தில் எறிந்தார். அவரை நான் அந்த இடத்தில் வெறுத்தேன். இதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

திரும்பப் போய் இருந்தேன். இப்போது மேடைக்கான பெரிய பெட்டிகள். முதலாவது வாசிக்கத் தொடங்கிய உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, அது எங்கள் பெட்டி. வேறு கை வாசித்தாலும் என் பிள்ளையின் குரல்போல எனக்கு அது தெரியும். மண்டபத்தின் கடைசி வரைக்கும் குறையாமல் வந்து நின்றது. பிறகு இரண்டாவது. அது சத்தம் கூட. கேட்ட உடனே ஆட்கள் நிமிர்ந்து இருந்தார்கள். ஆனால் மேல் நரம்பைத் தொடும்போதெல்லாம் ஒரு கரகரப்பு வந்தது, ஸ்பீக்கரின் காகிதம் எங்கேயோ கிழிந்திருந்தால் வருமே, அந்தக் கரகரப்பு. முன்பல் விழுந்த கிழவன் பல்லிடுக்கால் சீட்டியடிக்கிற மாதிரி.

மூர்த்தி கதிரையில் இருந்து திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு வியர்வை நெற்றியில் இருந்து கண்ணுக்குள் ஓடியது, கண் எரிந்தது. முகத்தைத் துடைத்தால் அது தீர்ப்பு. நான் துடைக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். இன்னொருக்கா வாசிக்கச் சொன்னார். இரண்டையும் திரும்ப வாசித்தார்கள். திரும்பவும் பார்த்தார். வியர்வை நாடியில் இருந்து சொட்டியது. சொட்டட்டும் என்று இருந்தேன். இனி நீங்களே சொல்லுங்கள், எல்லாருக்கும் தெரியட்டும் என்று இருந்தேன்.

“ரெண்டாவது,” என்றார் மூர்த்தி.

தன் கையால் அறுத்த பலகையை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சத்தம் கூடினதை எடுத்துவிட்டார், ஒன்றும் தெரியாதவன் எடுக்கிறமாதிரி. சிவதர்ஷன் துணியை இழுத்தார். இரண்டாவது, அவரே லண்டனில் இருந்து கப்பலில் போட்டுக் கொண்டுவந்த பெட்டி. முதலாவது எங்கள் பெட்டி. இப்போது பிடிபடும் என்று நான் இருந்தேன். ஆனால் நடந்தது என்ன தெரியுமா? கை தட்டினார்கள். எழும்பி நின்று கை தட்டினார்கள். தான் செய்த பெட்டியையே தள்ளிவிட்டாரே, இந்தக் காலத்தில் இப்படி ஒரு நேர்மையா என்று சிவதர்ஷன் அவரைக் கட்டிப்பிடித்தார்.

அப்போது நான் எழும்பினேன். எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

“தம்பி, அந்தப் பெட்டியில ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கு. மேல் நரம்ப வாசிக்கக்குள்ள கரகரக்குது. இன்னொருக்கா வாசிக்கச் சொல்லிக் கேளுங்க.”

நிதுர்ஷன் மேல் நரம்பை ஒருக்கா தட்டினார். கரகரத்தது. அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் கேட்டது, கேட்காத ஒரே ஒருவரைத் தவிர. ஆனால் ஒருவரும் பெட்டியைப் பார்க்கவில்லை. எல்லாரும் மூர்த்தியைப் பார்த்தார்கள்.

“கிழியல்ல,” என்றார் அவர், நிதானமாக. “புது ஸ்பீக்கர், இன்னும் இளகல்ல. அதான் அதுட குணம். வெளிநாட்டுப் பெட்டிக்கு அந்தக் கரகரப்புத்தான் அழகு.”

ஓம், ஓம் என்று தலைகள் ஆடின. சிவதர்ஷன் வந்து, நீங்கள் இவ்வளவு பலகாரமும் செய்துகொண்டு வெயிலுக்குள் வந்து களைத்துப்போயிருக்கிறீர்கள் அக்கா, இருங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று மிகவும் அன்பாகச் சொல்லி என்னை இருத்தினார். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு நொந்திருக்காது. மூர்த்திக்கு அன்றைக்கே வேலை உறுதியாயிற்று. எங்கள் பெட்டியைப் பனிச்சங்கேணிப் பக்கத்துக் குழு ஒன்று மலிவாகக் கேட்டது, அந்த இடத்திலேயே கொடுத்துவிட்டார்.

மோட்டார் சைக்கிளில் வரும்போது காத்தான்குடி தாண்டியதும் அவர் காற்றுக்கு மேலால் கத்தினார். சனத்துக்கு முன்னால் என் மானத்தை வாங்கப் பார்த்தாயா, வேலை போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்றார். பிள்ளையாரறியச் சொன்னது என்னாயிற்று என்று நான் கேட்டேன். அது சொல்கிற நேரமா என்றார். இப்படியே வீடு வந்து சேர்ந்தோம். அந்த ஸ்பீக்கர் உண்மையிலேயே கிழிந்திருந்ததா என்று ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவசரமாக ஒரு வயர் தேவைப்பட்டுக் காத்தான்குடிக்குப் போனேன். கடையில் ஆள் குறைந்த பிறகு றவூப் நானா என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்: “தங்கச்சி, அண்டைக்கு எனக்கும் கேட்டிச்சி. கிழிசல்தான்.”

ஏன் அப்போது வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

“மூர்த்தி சொன்னதுக்குப் பொறகு நான் என்னத்தச் சொல்ற? எனக்கு என்ட காதுலதான் சந்தேகம் வந்திச்சி.”

பிறகு சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். இப்போது பெடியன்மார் வந்து, அந்த மண்டபத்துப் பெட்டியின் ‘லண்டன் சத்தம்’ வேண்டும், அந்தக் கரகரப்பு உள்ள ஸ்பீக்கர் இருக்கிறதா என்று கேட்கிறார்களாம். புது ஸ்பீக்கரைக் கீறிக் கொடுக்கவா என்று அவருக்கு யோசனை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் அவர் விழுந்துவிடுவார் என்று நினைத்தேனே, எவ்வளவு பெரிய விசரி நான். அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது என் காது இல்லை. அவருடைய பெயர்தான். அந்தப் பெயரைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுத்ததும் நானே.

மூர்த்திக்கும் அது விளங்கிவிட்டது. அவர் மடையர் இல்லை. போன கிழமை கிரானில் இருந்து ஒரு குழு இரண்டு பெட்டிகளை இறக்கியது. இவருக்கு மண்டபத்தில் வேலை இல்லாத நாள். அவர் வாசிக்கத் தொடங்கியதும் என் கால் தானாகப் போய் மதகில் நின்றது, பழக்கதோசம். கேட்டேன். முதலாவது அடிச்சத்தம் வீங்கிக் குமுறியது, இரண்டாவது சுத்தம். அதை அவருக்குச் சொல்ல ஒழுங்கைக்குள் திரும்பி வருகிறேன், அவர்கள் முதலாவது பெட்டியை ஓட்டோவில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணன் இந்தமுறை விடியும்வரை காக்க வைக்கவில்லை அக்கா, உடனேயே சொல்லிவிட்டார் என்று ஒருவர் சந்தோசமாகச் சொன்னார்.

உள்ளே போனேன். மூர்த்தி கிற்றாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். வெளியே ஓட்டோ ஸ்ரார்ட் பண்ணுகிற சத்தம் கேட்டது. அந்த முகத்தில் எனக்குப் பழக்கமான பழைய பயம் ஒரு கணம் வந்து போனது, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருந்த நாளில் வந்ததே அது.

“சரியாத்தானே சொன்னன்?” என்று கேட்டார்.

ஓடிப்போய் ஓட்டோவை மறித்திருக்கலாம். இல்லை, பிழையாகச் சொல்லிவிட்டீர்கள் என்று அவர் தலையைக் குனிய வைத்திருக்கலாம். அவர் கேட்பதற்காகத்தான் அத்தனை நாளும் காத்திருந்தேன். கேட்டபோது எனக்கு ஒன்றுமே வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு வெறுத்துப்போயிற்று.

“ஓம்,” என்றேன். “சரியாத்தான் சொன்னீங்க.”

நான் அறிய நான் சொன்ன முதலாவது பொய்த் தீர்ப்பு அதுதான். முகம் மலர்ந்து, தெரியும் என்று தலையாட்டிவிட்டு, அதையும் தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டார்.